ஈரத்தோடு அடைத்த கண்ணாடி

சதீஷ்,

உன் கல்யாணப் பத்திரிகை கூரியரில் வந்து சேர்ந்தது. ஓசூரிலிருந்து நல்லம்பள்ளிக்கு, நீ பிறந்து வளர்ந்த வீட்டுக்கு, யாரோ ஒருவர் பைக்கில் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் காலமான உன் அப்பாவின் பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. என்னைக் கேட்காமலே போட்டிருக்கிறாய். என்னைக் கேட்காமல் நீ என் பெயரைப் பயன்படுத்துவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எது என்று உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இது உனக்கு மட்டுமான கடிதம் இல்லை. ஒரு நகலை நம் பட்டறைக் கதவில் ஒட்டப்போகிறேன். ஒன்று நீ கட்டிக்கொள்ளப்போகும் தீபாவுக்கு. ஒன்று பட்டறையில் என்னோடு வேலை பார்த்த ஷமீமுக்கு. ஒன்று மாதையன் என்ற டிரைவருக்கு. கடைசி இரண்டு பேரையும் நீ மறந்திருக்க மாட்டாய். மறந்திருந்தால் இப்போது ஞாபகப்படுத்திக்கொள்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அம்மா நாலு நல்ல வார்த்தை எழுதுவது வழக்கம். பொறுமையாக இரு, விட்டுக்கொடுத்துப் போ, மாமனார் வீட்டில் மரியாதையாக நடந்துகொள் என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை. உட்கார்ந்து யோசித்தாலும் வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது. அவற்றை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நம் பட்டறையில் என்ன செய்கிறோம் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் கதவருகே நின்று வாசிக்கப்போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ரோட்டின் பளபளப்பும் எதிர் வண்டியின் கண்ணாடி மின்னுவதும் கண்ணைக் கூசவைக்காமல் இருக்க ஒரு லென்ஸ் இருக்கிறது. அது ஒற்றைக் கண்ணாடி இல்லை. இரண்டு மெல்லிய அடுக்குகள், நடுவில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு கறுப்புப் படலம், எல்லாம் பசையால் ஒட்டியிருக்கும். கம்பெனியிலிருந்து வட்டமாக வரும். ஃபிரேமின் வடிவத்துக்கு நாம் அறுத்துத் தேய்க்க வேண்டும். தேய்த்ததும் ஓரம் திறந்துவிடும். மூன்று அடுக்கும் சேருகிற இடம் அங்கே வெட்டவெளியாகத் தெரியும். வியர்வையும் மழையும் உள்ளே போக அது போதும். நடுவில் இருக்கும் படலம் தண்ணீரைக் குடித்து ஊதும், பசை விடும், ஒட்டியிருந்த இரண்டும் பிரியும். அதனால் ஓரத்தைச் சுற்றிப் பசை பூசி, புறஊதா விளக்குக்கு அடியில் வைத்து இறுக அடைக்கிறோம்.

ஆனால் தேய்க்கும்போது தண்ணீர் ஊற்றித்தான் தேய்க்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் லென்ஸ் கருகும். ஆகவே தேய்த்து முடித்த லென்ஸின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் ஏறியிருக்கும். அதை இளஞ்சூட்டுப் பெட்டியில் ஒரு ராத்திரி முழுக்கக் காயவைத்த பிறகே அடைக்க வேண்டும். காயாமல் அடைத்தால், அடைக்காமல் விடுவதைவிட மோசம். அடைக்காத கண்ணாடி ஓரத்தில் வெளுத்து, 'நான் கெட்டுப்போகிறேன்' என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். ஈரத்தோடு அடைத்தது பார்வைக்குப் புதுசாக, பளிச்சென்று இருக்கும். வெயிலில் ஓடும் வண்டிக்குள் அந்த ஈரம் சூடாகி, வெளியே வர வழி இல்லாமல், அடுக்குகளை உள்ளிருந்தே பிளக்கும்.

இது உனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் லென்ஸ் கம்பெனியில் நான் கற்றுக்கொண்ட வேலை இது. உன் அப்பாவும் நானும் இந்தப் பட்டறையை ஆரம்பித்தபோது உன்னை மேஜைக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். காலேஜ் விடுமுறைகளில் நீ வந்து உட்கார்ந்தாய். உன் கை எனக்கே பொறாமை தரும் கை. மூச்சை அடக்கிக்கொண்டு, தூரிகையை எடுக்காமல், ஒரே இழுப்பில் ஓரம் முழுக்கச் சுற்றி வருவாய். ஒரு தடவை கரண்ட் போய், சூட்டுப்பெட்டி பாதியில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். நீதான் ஒரு லென்ஸை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "ம்மா, இதுக்குள்ள தண்ணி இருக்குது. இத ஒரு ஆளுக்குக் குடுக்கக் கூடாது" என்று அந்தத் தட்டு முழுவதையும் ஒதுக்கிவைத்தாய். அன்றைக்கு உன் அப்பா உன்னைப் பற்றித் தெருவெல்லாம் பேசினார். அன்று அதைச் சொன்ன வாய்தான் பிறகு எல்லாவற்றையும் சொன்னது.

எனக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி, சேலத்தில் என் தங்கை வீட்டில் படுத்துக் கிடந்த மாதங்களில் பட்டறை உன் பொறுப்பில் இருந்தது. அப்போதுதான் வியாபாரிகள் சிலர் சேர்ந்து, நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டும் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை செய்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்க ஒரு முகாம் ஏற்பாடு செய்தார்கள். ஆர்டர் நமக்கு வந்தது. போனில் சொன்னாய், சந்தோஷப்பட்டேன். நிதானமாகச் செய் என்றேன். சரிம்மா என்றாய். நமக்குள் பேசியது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. இந்த வரியை தீபா இரண்டு முறை படிக்க வேண்டும்.

நடந்ததை எனக்குப் பின்னால் ஷமீம் சொன்னாள். கண்ணாடி கொடுக்கும் விழாவுக்கு மேடை போட்டு, நாள் குறித்து, பிளெக்ஸ் அடித்துவிட்டார்கள். மேடையில் உனக்குச் சால்வை போர்த்துவதாக ஏற்பாடு. தீபாவின் அப்பாவையும் கூப்பிட்டிருந்தாய், மருமகனாக வரப்போகிறவனின் பெருமையை அவர் பார்க்க வேண்டும் அல்லவா. பாதிக் கண்ணாடியை இப்போதும் மீதியை அடுத்த மாதமும் தருகிறேன் என்று நீ அவர்களிடம் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்கள். விசாரித்துவிட்டேன். நீ கேட்கவே இல்லை. கேட்டால் மேடையில் தட்டு பாதி காலியாக இருக்கும். தேய்த்து எடுத்த லென்ஸைத் துணியால் ஒற்றி, நேராக ஷமீமின் மேஜைக்கு அனுப்பினாய்.

"தம்பி, இது காயலீங்களே" என்றிருக்கிறாள் ஷமீம்.

"தொடச்சாச்சுல்லக்கா, அடைங்க."

"அக்கா இருந்தா இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க தம்பி."

"அம்மா இப்ப இங்க இல்ல. நான்தான் இருக்கேன். அடைங்க."

அவள் அடைத்தாள். இருபத்தைந்து வருஷமாக என்னோடு வேலை பார்த்தவள், முதலாளியின் மகன் தலைக்கு மேல் நின்று அதட்டும்போது என்ன செய்வாள்? நீ மேடை ஏறினாய். சால்வை போட்டார்கள். அந்தப் போட்டோவை எனக்கும் அனுப்பினாய். படுக்கையில் கிடந்த நான் அதை என் தங்கையிடமும் ஊசி போட வந்த நர்ஸிடமும் காட்டினேன். அந்தப் போட்டோவை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை. நான் எதைக் காட்டிப் பெருமைப்பட்டேன் என்பது எனக்கு மறக்கக் கூடாது.

மாதையன் பாலக்கோட்டில் தக்காளி ஏற்றி சேலத்துக்குக் கொண்டுபோகும் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியின் டிரைவர். தூரப்பார்வைக்குப் பவர் உள்ள கண்ணாடி இல்லாமல் அவரால் ஓட்ட முடியாது. அந்த முகாமில் கொடுத்தது கூசாமலும் இருக்கிறது, பவரும் இருக்கிறது என்று பழைய கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு இதையே போட்டுக்கொண்டார். வெயில் உச்சிக்கு வந்த மாதம். தொப்பூர் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருக்கிறார். சாயங்கால வெயில் வலது பக்கத்திலிருந்து சாய்வாக அடிக்கிறது. வலது கண்ணாடிக்குள் எண்ணெய் மிதக்கும் தண்ணீர் மாதிரி நிறம் நிறமாகப் பரவுகிறது. முன்னால் போகும் லாரி இரண்டாகத் தெரிகிறது. கண்ணாடியைக் கழற்றினால் ஒன்றும் தெரியாது, கழற்றாவிட்டால் எது நிஜ லாரி என்று தெரியாது. இடது பக்கம் ஒடித்து மலைப் பாறையில் மோதினார். வண்டி கவிழ்ந்தது. இடது கால் முன்பக்கத் தகரத்துக்குள் சிக்கி இரண்டு இடத்தில் முறிந்தது. பின்னால் வந்தவர்கள் தக்காளியை மிதித்துக்கொண்டே ஓடிவந்து இழுத்தார்கள். பாறை இருந்த பக்கம் ஒடித்ததால் உயிரோடு இருக்கிறார். பள்ளம் இருந்த பக்கம் ஒடித்திருந்தால் இந்தக் கடிதத்தை நீ ஜெயிலில் படித்துக்கொண்டிருப்பாய்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, அவர் பெண்சாதி கண்ணாடியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அதற்குள் வேறு டிரைவர்களும் கண்ணாடி பிரிகிறது என்று வர ஆரம்பித்திருந்தார்கள். அந்த அம்மாவிடம் நீ என்ன சொன்னாய்? "டேஷ்போர்டுல வெயில்ல போட்டு வெச்சிருப்பாரு. அதுக்கு நாங்க என்னங்க பண்றது?" என்றாய். அவர் விடவில்லை. கூட்டம் கூடியது. உடனே நீ உள்ளே திரும்பி ஷமீமைக் கூப்பிட்டாய். அத்தனை பேர் முன்னால் அவளை நிறுத்தி, "ஓரம் அடைக்கிறது இவங்க வேலை. இவங்க ஒழுங்காப் பண்ணல. நாளையிலிருந்து இவங்க இங்க இருக்க மாட்டாங்க, போதுங்களா?" என்றாய். ஷமீம் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு நடுவே நடந்து பஸ் ஏறினாள். கூட்டம் கலைந்தது. நீ டீ சொல்லிக் குடித்ததாகக் கேள்வி.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தீர்த்தமலைக்குப் போயிருந்தோம். உன் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு படியில் ஆடி, கீழே போட்டு உடைத்தாய். கேட்டதற்குக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய் எறிந்துவிட்டது என்றாய். குரங்கின் முகத்தைக்கூடச் செய்து காட்டினாய். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். சிரித்ததில் தப்பில்லை, நீ குழந்தை. குரங்குக்கும் அதனால் வேலை போகவில்லை.

நான் கைத்தடியோடு வீடு திரும்பிய அன்று ஷமீமின் நாற்காலி காலியாக இருந்தது. "அவங்களே நின்னுட்டாங்கம்மா, வூட்டுல ஏதோ பிரச்சினையாம்" என்றாய். நம்பினேன். அடுத்த நாளே மாதையனின் பெண்சாதி திரும்ப வந்தார். பட்டறைக்காரம்மா வந்துவிட்டார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் உட்காரவில்லை. கண்ணாடியை என் மேஜைமேல் வீசினார்.

"இந்தாங்க உங்க கண்ணாடி. இதப் போட்டுக்கிட்டுத்தான் எங்க வூட்டுக்காரரு மலையில உருண்டாரு. வெயில்ல வெச்சா கெட்டுப்போற கண்ணாடிய வெயில்ல ஓட்டுறவனுக்கு எதுக்குங்க குடுக்குறீங்க?"

கண்ணாடியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். நகத்தால் ஓரம் முழுக்க வருடினேன். அடைப்பு எங்கேயும் உரியவில்லை, ஒரு கீறல் இல்லை. ஷமீமின் கைவேலை, சுத்தமாக இருந்தது. வெளியிலிருந்து தண்ணீர் போயிருந்தால் முதலில் அடைப்பு விட்டிருக்க வேண்டும். இதில் அடைப்பு அப்படியே இருக்க, உள்பக்கம் மணி மணியாகக் கொப்புளம். தண்ணீர் அடைப்பதற்கு முன்னாலேயே உள்ளே இருந்திருக்கிறது. அந்த அம்மாவை உட்காரச் சொன்னேன். ஷமீம் மேல் பழி போட்டு நீ அவளை அனுப்பியதை அவர்தான் சொன்னார். உன்னைக் கூப்பிட்டேன்.

"சூட்டுப்பெட்டியில வெச்சியா?"

"வெச்சோம்மா."

"சதீஷ், என்னப் பாத்துச் சொல்லு. வெச்சியா?"

நீ அந்த அம்மாவைப் பார்த்தாய், வாசலைப் பார்த்தாய். பிறகு என் காதருகே குனிந்து சொன்னாய்: "மேடைக்கு நாள் குறிச்சிட்டாங்கம்மா. அத்தனையும் காய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா நடக்குமா? ஒண்ணு ரெண்டு போகும்னு தெரியும். இத்தன போகும்னு நெனைக்கல."

ஒண்ணு ரெண்டு. அந்த ஒன்று மாதையன் என்று அப்போதும் உனக்கு உறைக்கவில்லை. அவர் பெண்சாதி எதிரே உட்கார்ந்திருந்தும் உறைக்கவில்லை. நான் சத்தம் போட்டேன். என் வாழ்நாளில் அப்படிச் சத்தம் போட்டதில்லை. ஷமீமை உடனே போய்க் கூட்டிவா, வந்தவர்கள் முன்னால் உண்மையைச் சொல் என்றேன். நீ என்னை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது இது: "மெதுவாப் பேசும்மா. தீபா வூட்டுக்குத் தெரிஞ்சா எல்லாம் போச்சு. ஒரு வேலைக்காரிக்காக என் வாழ்க்கையக் கெடுத்துடாத." மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போனாய். இப்போது அங்கே கடை போட்டிருக்கிறாய், நம் பட்டறையின் பெயரையே வைத்து. அந்தப் பலகையை எடு. எடுக்காவிட்டால் நானே வந்து எடுப்பேன். தடி ஊன்றி நடக்கிறவள் ஏணி ஏறமாட்டாள் என்று நினைக்காதே.

நீ போன பிறகு நான் ஒரு ஆட்டோவில் மைக் கட்டி, முகாமில் வாங்கிய கண்ணாடியை யாரும் போட வேண்டாம், திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். நல்லம்பள்ளி, கடத்தூர், அரூர் என்று வண்டிகள் நிற்கும் இடமெல்லாம் இறங்கினேன். சிலர் பேசாமல் கழற்றிக் கொடுத்தார்கள். சிலர் என் எதிரிலேயே தரையில் போட்டு மிதித்தார்கள். கடத்தூர் ஸ்டாண்டில் ஒருவர், "சால்வ போத்துனப்ப உங்க பையன் நல்லாச் சிரிச்சாருங்க. இப்ப எங்க, ஆளயே காணோம்?" என்றார். ஓசூரில் இருக்கிறான் என்றேன். "அங்க யாருக்குக் கண்ணாடி போடறாரு?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தலை குனியவில்லை. அவர் கேட்டது நியாயம். தலை குனிய வேண்டியவன் அங்கே இல்லை.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். "கல்யாணம் ஆகப்போற பையன், பேரக் கெடுத்துடாதீங்க" என்றார்கள். உன் பெரியப்பா, "வளர்ப்புல எங்கியோ தப்பு நடந்துடுச்சு, நீயும் கொஞ்சம் யோசிச்சுப் பாரு" என்றார். யோசித்துப் பார்த்தேன். என் வளர்ப்பில் தப்பில்லை. இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன். பிள்ளை செய்ததற்கெல்லாம் பெற்றவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு 'நான்தான் சரியாக வளர்க்கவில்லை' என்று அழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி அழுதால் உனக்கு வசதியாகப் போய்விடும். குற்றம் உன் தோளிலிருந்து என் தோளுக்கு இறங்கிவிடும். எது சரி என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தோம், நீ கற்றுக்கொண்டாய், செய்தும் காட்டினாய். பிறகு தெரிந்தே மாற்றிச் செய்தாய். அது உன்னுடையது. நீயே வைத்துக்கொள்.

ஷமீமின் வீட்டுக்குப் போனேன். தருமபுரியில், அவள் கணவர் தையல் மெஷின் போட்டிருக்கும் அறைக்குப் பின்னால் இருக்கிறது வீடு. எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். நானும் தரையில் உட்கார நினைத்தேன், இடுப்பு விடவில்லை. வேறு இரண்டு கண்ணாடிக் கடைகளில் வேலை கேட்டிருக்கிறாள். டிரைவரின் கால் போனது இவளால்தானே என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். ஸ்கூலில் அவள் மகளிடம்கூட யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"ஏன் ஷமீம், அன்னிக்கே எல்லாரு முன்னாடியும் சொல்லியிருக்கலாமே, இவன்தான் அடைக்கச் சொன்னான்னு?"

"மொதலாளி பையன் ஒண்ணு சொல்றாரு, நான் ஒண்ணு சொல்றேன். யாருத நம்புவாங்கக்கா? அது மட்டும் இல்லீங்க. எனக்கு வாயே வரல. சின்னதுல நான் தூக்கி வெச்சிருந்த புள்ள."

திரும்பி வேலைக்கு வா என்று கூப்பிட்டேன். எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன் ஷமீம் மேல் தப்பில்லை என்று, இனி என்ன என்றேன். அவள் மறுத்துவிட்டாள்.

"நீங்க சொல்லீட்டீங்க, சந்தோசங்க. ஆனா நீங்க நல்லவங்க, எனக்காகச் சொல்றீங்கன்னு பேசிக்கறாங்க. என் மேல பழி சொன்ன வாய் உங்களுது இல்லியே. அவரு வந்து சொல்லட்டும். அது வரைக்கும் அந்தப் படி நான் ஏற மாட்டேங்கக்கா. கோவிச்சுக்காதீங்க."

கோவித்துக்கொள்ளவில்லை. அவளுடைய இடத்தில் இருந்தால் நான் கதவையே திறந்திருக்க மாட்டேன்.

இதெல்லாம் நடந்தும் உன்னை நான் ஊரறியத் திட்டியதில்லை. நடந்த தப்பு எங்கள் பட்டறையின் தப்பு என்றுதான் மைக்கில் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் பதில் சொன்னேன். இந்தக் கடிதம் எழுத வேண்டிய அவசியத்தை உண்டாக்கியவன் நீ. போன மாதம் தீபா வந்தாள். தனியாக, பஸ்ஸில். பையில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு விஷயம் கேக்கணும். காய வைக்க வேணாம், அப்படியே அடைச்சுக் குடுத்துடுன்னு நீங்கதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன்ல சொன்னீங்களாமே. அவர் எங்கப்பாகிட்ட அப்படித்தான் சொல்லியிருக்காரு. வயசானவங்க, மயக்க மருந்துல ஏதோ சொல்லிட்டாங்க, அம்மாவக் காட்டிக்குடுக்க மனசு வரல, அதான் பழிய நானே ஏத்துக்கிட்டு ஓசூர் வந்துட்டேன்னாரு."

சதீஷ், நான் படித்துப் படித்துப் பார்க்கிறேன், இந்த வரியை எழுதிய பிறகும் நம்ப முடியவில்லை. முதலில் மாதையன் மேல் போட்டாய். அது நிற்கவில்லை என்றதும் ஷமீம் மேல் போட்டாய். அதுவும் நிற்கவில்லை என்றதும் என் மேல் போட்டாய். அதிலும் எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறாய்! அம்மாவுக்காகப் பழி சுமக்கும் பிள்ளை. அதைக் கேட்டு அந்தப் பெண் உன்மேல் இன்னும் ஆசை வைத்திருப்பாள். அவள் அப்பா கண் கலங்கியிருப்பார்.

நான் தீபாவிடம் கத்தவில்லை. திரும்பி வந்த கண்ணாடிகளில் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்து, வாசலில் நின்று ரோட்டைப் பார் என்றேன். போட்டுப் பார்த்தாள். பஸ் ஒன்று வந்தது. அவள் சட்டென்று ஒரு அடி பின்வாங்கி, தூணைப் பிடித்துக்கொண்டாள். கழற்றி என் கையில் கொடுத்தாள். நான் போனில் என்ன சொன்னேன் என்பதைச் சொன்னேன். மூன்று வார்த்தைதான், நிதானமாகச் செய் கண்ணு. "நான் கேட்டுக்கறேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ அவளிடம் மறுபடி என்ன சொன்னாயோ தெரியாது. பத்திரிகை வந்துவிட்டது. அதில் என் பெயர்.

தீபா, இதை நீ படித்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துச் சொல்கிறேன். உன்னை யாரும் தடுக்கவில்லை. இவனைக் கட்டிக்கொள்வதும் விடுவதும் உன் விருப்பம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். இவன் தப்பு செய்யும் நாளில் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் மேல்தான் பழி விழும். கல்யாணத்துக்குப் பிறகு இவனுக்கு மிகப் பக்கத்தில் நிற்கப்போகிறவள் நீ.

சதீஷ், உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். உன் மேல் எனக்குப் பாசம் இல்லையா என்று ஊரில் கேட்பார்கள். இருக்கிறது. அது என்னுடைய கஷ்டம், உனக்கு அதில் உரிமை இல்லை. உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். உடம்பு முடியவில்லை என்று மண்டபத்தில் சொல்லாதே. என் உடம்பு நன்றாக இருக்கிறது, நேற்று அரூர் வரை பஸ்ஸில் போய்வந்தேன். மாதையனுக்குப் புதுக் கண்ணாடி செய்துகொண்டிருக்கிறேன், காயவைத்து, நானே அடைத்து. அவர் இனிமேல் வண்டி ஓட்டுவாரா என்று டாக்டருக்கே தெரியவில்லை. ஆனால் தெருவைப் பார்க்கவும் வாசலில் வருகிறவர் யார் என்று பார்க்கவும் அவருக்குக் கண் வேண்டும். உன்னைப் பார்க்க விரும்புகிறாரா என்று கேட்டேன். "வேணாங்க. வந்தா அடிச்சுடுவேன், இன்னொரு காலும் போயிடும்" என்றார். ஆகவே அவரிடம் போகாதே. அந்தக் கதவு உனக்கு இல்லை.

ஷமீமின் கதவு ஒன்றுதான் இன்னும் சாத்தாமல் இருக்கிறது. எனக்காகப் போக வேண்டாம், என் மன்னிப்பு அங்கே கிடைக்காது. அன்று பட்டறையில் கூடியிருந்தவர்களில் வரக்கூடியவர்களை நான் அழைத்து வருகிறேன். அவர்கள் முன்னால், அவள் பிள்ளைகள் கேட்க, காயாத லென்ஸை அடைக்கச் சொன்னது நான்தான் என்று சொல். வேறு எதையும் சேர்க்காதே. மேடையைப் பற்றியும் நாள் குறித்ததைப் பற்றியும் யாருக்கும் கேட்க விருப்பமில்லை. வெள்ளிக்கிழமை மதியம் தவிர எந்த நாள் போனாலும் அவள் வீட்டில் இருப்பாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பூக்கடை இருக்கும் திருப்பத்தில் உள்ளே போகும் சந்து. ஓசூரில் புதிதாக வாங்கியிருக்கிறாயே, அந்தக் கார் அதற்குள் நுழையாது. திருப்பத்திலேயே நிறுத்திவிட்டு, எல்லோரும் பார்க்க நடந்துதான் போக வேண்டும்.